திருச்சிராப்பள்ளியில் பயணியர் தங்கும் பகுதிகள்

திருச்சிராப்பள்ளியில் பயணியர் தங்கும் பகுதிகள் என்பவை, தமிழ்நாட்டின் நடுப்பகுதியில் காவிரிக் கரையில் அமைந்துள்ள திருச்சிராப்பள்ளி மாநகரில் சுற்றுலாப் பயணிகளும் வழிபாட்டுக்கு வருவோரும் தங்குவதற்குத் தேர்ந்தெடுக்கும் நகர்ப்பகுதிகள் ஆகும். தொடர்வண்டிச் சந்திப்பை ஒட்டிய கண்டோன்மென்ட், மலைக்கோட்டையைச் சூழ்ந்த பழைய நகரம், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள திருவரங்கம் ஆகிய மூன்றும் இவற்றுள் முதன்மையானவை. இம்மூன்றுக்கும் இடையே உள்ள தொலைவு மிகுதியன்று. கண்டோன்மென்டிலிருந்து திருவரங்கத்துக்கு ஏறத்தாழ 9 கிலோமீட்டரே உள்ளது. ஆயினும் இடையில் காவிரி ஆறும், நெரிசல் மிகுந்த பழைய நகரமும் இருப்பதால், ஒரு பகுதியில் தங்கிக்கொண்டு மற்றொரு பகுதியைக் காண்பதற்கு வரைபடத்தில் தோன்றுவதைவிடக் கூடுதல் நேரம் செலவாகிறது. விடியற்காலை வழிபாட்டுக்கு வருவோருக்கும் முதியோருக்கும் இவ்வேறுபாடு முக்கியமானது.

பஞ்சப்பூரில் கட்டப்பட்ட ஒருங்கிணைந்த பேருந்து முனையம் 2025-ஆம் ஆண்டில் செயற்பாட்டுக்கு வந்தது. நகரில் எங்குத் தங்குவது என்பது குறித்து நெடுங்காலமாக நிலவிவந்த வழக்கத்தை இது ஓரளவு மாற்றியுள்ளது.

புவியியல்

திருச்சிராப்பள்ளி காவிரியின் தென்கரையில் உள்ளது. நகருக்கு மேற்கே முக்கொம்பு என்னுமிடத்தில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இவ்விரு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நிலமே திருவரங்கத் தீவு ஆகும். அரங்கநாதசுவாமி கோயிலும் திருவானைக்காவல் சம்புகேசுவரர் கோயிலும் இத்தீவிலேயே உள்ளன. கிழக்கே கல்லணை அமைந்துள்ளது.

நகரின் முதன்மைப் பகுதிகள் பெரும்பாலும் தெற்கு வடக்காக ஒரே வரிசையில் அமைந்துள்ளன. தெற்கே கண்டோன்மென்டும் சந்திப்பு நிலையமும், நடுவே மலைக்கோட்டையும் சத்திரம் பேருந்து நிலையமும், வடக்கே ஆற்றைக் கடந்து திருவரங்கமும் உள்ளன. மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து சத்திரம் வழியாகத் திருவரங்கம் செல்லும் 1-ஆம் எண் நகரப் பேருந்து இம்மூன்று பகுதிகளையும் இணைக்கிறது. அடிக்கடி இயங்கும் இப்பேருந்தையே பயணிகள் மிகுதியாகப் பயன்படுத்துகின்றனர்.

வரலாறு

வழிப்போக்கர் தங்குவதற்கு அறமாகக் கட்டப்பட்ட சத்திரங்களும் மண்டபங்களுமே பழங்காலத்தில் பயணியரின் தங்குமிடங்களாக இருந்தன. இவை கோயில்களையும் ஆற்றுத்துறைகளையும் ஒட்டி அமைந்திருந்தன. திருவரங்கத்தின் தெற்கே காவிரியின் படித்துறையாக விளங்கும் அம்மா மண்டபம் இன்றும் நீராடுவோரும் நீத்தார் கடன் செய்வோரும் கூடும் இடமாக உள்ளது.

18-ஆம் நூற்றாண்டில் நடைபெற்ற கருநாடகப் போர்களின்போது ஆங்கிலேயரும் முகமது அலியும் மலைக்கோட்டைப் பக்கத்திலும், பிரெஞ்சுக்காரரும் சந்தா சாகிபும் திருவரங்கத் தீவிலும் நிலைகொண்டிருந்தனர். 1752-இல் தீவில் இருந்த பிரெஞ்சுப் படை சரணடைந்தது. 1801-இல் கருநாடகப் பகுதி முழுமையும் ஆங்கிலேயர் ஆட்சியின் கீழ் வந்தது. கோட்டைக்குத் தெற்கே இருந்த வெளியில் படையினர் குடியிருப்பாகக் கண்டோன்மென்ட் வளர்ந்தது. கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் ஆயரான ரெசினால்டு ஈபர் 1826-ஆம் ஆண்டு ஏப்ரல் 3 அன்று இந்நகரில் இறந்து, இங்குள்ள புனித யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாக அமைக்கப்பட்ட இருப்புப்பாதை 1862-இல் திருச்சிராப்பள்ளியை எட்டியது. தொடர்வண்டியில் வந்து இறங்கியோர் சந்திப்பை ஒட்டியே தங்கத் தொடங்கினர். பின்னர் மத்தியப் பேருந்து நிலையமும் சந்திப்புக்கு அருகிலேயே அமைந்ததால், கண்டோன்மென்ட் நகரின் விடுதிப் பகுதியாக உருவெடுத்தது. தனி நகராட்சிகளாக இருந்த திருவரங்கமும் பொன்மலையும் 1994-இல் திருச்சிராப்பள்ளியுடன் இணைக்கப்பட்டு மாநகராட்சி உருவாக்கப்பட்டது. நிருவாக முறையில் ஒன்றான பின்னரும், திருவரங்கத்தார் ஆற்றைக் கடந்து தெற்கே செல்வதைத் "திருச்சிக்குப் போதல்" என்றே கூறுவர்.

முதன்மைப் பகுதிகள்

கண்டோன்மென்ட்

மத்தியப் பேருந்து நிலையம், திருச்சிராப்பள்ளிச் சந்திப்பு, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ஆகியவற்றை உள்ளடக்கிய பகுதி இதுவாகும். வில்லியம்ஸ் சாலை, ராக்கின்ஸ் சாலை, மெக்டொனால்ட்ஸ் சாலை முதலியவற்றில் எளிய லாட்ஜுகள் முதல் நட்சத்திர விடுதிகள் வரை அனைத்துத் தரங்களிலும் தங்குமிடங்கள் உள்ளன. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு இப்பகுதியிலேயே அமைந்துள்ளது. சந்திப்பு நிலையத்தில் பயணச்சீட்டு வைத்திருப்போருக்கான ஓய்வறைகள் உண்டு.

இரவில் நேரங்கழித்து வந்து சேர்வோருக்கும், தொடர்வண்டியில் அதிகாலையில் புறப்படுவோருக்கும் இப்பகுதி ஏற்றது. உணவகங்கள் இரவு நெடுநேரம் திறந்திருக்கும். புதுக்கோட்டைச் சாலையில் உள்ள வானூர்தி நிலையம் இங்கிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வானூர்தி நிலையத்தின் புதிய முனையம் 2024-ஆம் ஆண்டு சனவரி 2 அன்று திறந்துவைக்கப்பட்டு, அவ்வாண்டு சூன் மாதத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் ஆகிய நகரங்களிலிருந்து வருவோர் முதல் நாள் இரவைக் கண்டோன்மென்டிலேயே கழிப்பது வழக்கம்.

சந்திப்புக்கு அருகே உள்ள தொடர்வண்டி அருங்காட்சியகமும் சில பழைய தேவாலயங்களும் தவிர, காண்பதற்குரிய இடங்கள் இப்பகுதியில் குறைவு. கோயில்கள் அனைத்துக்கும் வண்டியேறியே செல்லவேண்டும்.

மலைக்கோட்டையும் சத்திரமும்

ஏறத்தாழ 83 மீட்டர் உயரமுள்ள மலைக்கோட்டைப் பாறையைச் சுற்றி அமைந்த பழைய நகரம் இது. பாறையின் உச்சியில் உச்சிப்பிள்ளையார் கோயிலும், நடுவே தாயுமானவர் கோயிலும், அடிவாரத்தில் மாணிக்க விநாயகர் சன்னிதியும் உள்ளன. முதலாம் மகேந்திரவர்மன் காலத்துப் பல்லவர் குடைவரை ஒன்றும் இப்பாறையில் உண்டு. உச்சியை அடைய நானூறுக்கு மேற்பட்ட படிகளை ஏறவேண்டும். பாறையில் வெயில் ஏறுவதற்கு முன் காலையிலோ, சாய்ந்த பின் மாலையிலோ ஏறுவது எளிது. அடிவாரத்தில் தங்குவோருக்கு இவ்விரு வேளைகளும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன.

தெப்பக்குளம், பெரிய கடைவீதி, சின்னக் கடைவீதி, நேதாசி சுபாசு சந்திரபோசு சாலை ஆகியவை துணி, நகை, பாத்திர வணிகத்துக்குப் பெயர்பெற்றவை. கோட்டையின் எஞ்சிய வாயிலாகிய மெயின் கார்டு கேட், இராணி மங்கம்மாள் தர்பார் மண்டபத்தில் இயங்கும் அரசு அருங்காட்சியகம், லூர்து அன்னை ஆலயம், நத்தர்வலி தர்கா ஆகியன இப்பகுதியிலும் இதன் அருகிலும் உள்ளன. சோழரின் பழைய தலைநகரான உறையூர் மேற்கே அண்மையில் உள்ளது. அங்குக் கூரையில்லாத கருவறையில் வெக்காளியம்மன் வீற்றிருக்கிறாள்.

சத்திரம் பேருந்து நிலையம் நகரப் பேருந்துகளின் மையமாகும். இங்கிருந்து திருவரங்கம், திருவானைக்காவல், சமயபுரம், கல்லணை, முக்கொம்பு, வயலூர் ஆகிய இடங்களுக்குச் செல்லலாம். சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ் மீண்டும் கட்டப்பட்ட இந்நிலையம் 2021-இன் இறுதியில் திறக்கப்பட்டது. நகரின் இரு முனைகளுக்கும் நடுவே இருப்பதால், இரண்டு மூன்று நாட்கள் தங்கி அனைத்தையும் காண விரும்புவோருக்கு இது வசதியான இடமாகும். இரைச்சலும், பண்டிகைக் காலக் கடைவீதி நெரிசலும், வண்டி நிறுத்துவதற்கு இடமின்மையும் இதன் குறைகளாகும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கடைவீதித் தெருக்களில் வண்டிகள் நகர்வதே அரிது.

திருவரங்கம்

108 வைணவத் திவ்விய தேசங்களுள் முதலாவதாகப் போற்றப்படும் அரங்கநாதசுவாமி கோயில் 156 ஏக்கர் பரப்பில், ஏழு திருச்சுற்றுகளுடனும் 21 கோபுரங்களுடனும் விளங்குகிறது. நெடுங்காலம் முற்றுப்பெறாமல் இருந்த தெற்கு இராசகோபுரம், 13 நிலைகளும் 236 அடி உயரமும் கொண்டதாக 1987-இல் நிறைவு செய்யப்பட்டது. கோயிலின் புனரமைப்புப் பணிக்கு 2017-இல் யுனெசுக்கோவின் ஆசிய-பசிபிக் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

கோயிலைச் சூழ்ந்த உத்தர வீதிகள், சித்திரை வீதிகள், அடையவளைஞ்சான் வீதிகள் ஆகியவற்றில் வீடுகளும் கடைகளும் உணவகங்களும் உள்ளன. ஒவ்வொரு வீதியும் கீழ, மேல, தெற்கு, வடக்கு எனத் திசைப்பெயரைச் சேர்த்து வழங்கப்படும். முகவரியில் திசைப்பெயர் மாறினால் கோயிலின் மறுபக்கத்துக்குச் சென்றுவிட நேரும். ஆதலால் புதிதாக வருவோர் அறை பதிவு செய்யும்போதே, அது எந்தத் திசை வீதியில் உள்ளது, எந்தக் கோபுரத்துக்கு அருகில் உள்ளது என்று கேட்டு அறிந்துகொள்வது நலம்.

இராசகோபுரத்திலிருந்து அம்மா மண்டபம் வரையுள்ள சாலையிலும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளிலும் லாட்ஜுகளும், சமூகத்தார் நடத்தும் சத்திரங்களும் உள்ளன. கொள்ளிடக் கரையில் பஞ்சக்கரைச் சாலையில் கோயில் நிருவாகத்தின் யாத்ரி நிவாஸ் என்னும் பெரிய தங்குமிடம் 2014-இல் திறக்கப்பட்டது. குடும்பத்துடனும் குழுவாகவும் வருவோர் இதனைப் பெரிதும் நாடுகின்றனர். இது கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி இருப்பதால் தானி முதலிய வண்டி தேவைப்படும்.

திருவரங்கத்துக்கெனத் தனித் தொடர்வண்டி நிலையம் உண்டு. சென்னையிலிருந்து வரும் மலைக்கோட்டை விரைவுவண்டி உள்ளிட்ட பல வண்டிகள் சந்திப்பை அடையும் முன்னரே இங்கு நிற்கின்றன. இதனை அறியாமல் சந்திப்பு வரை சென்று, மீண்டும் ஆற்றைக் கடந்து திரும்பி வருவோர் பலர்.

விடியற்காலையில் நடைபெறும் விசுவரூப தரிசனத்தைக் காண விழைவோருக்குத் திருவரங்கத்தில் தங்குவதே சிறந்தது. மாலையில் வீதிகளில் நடப்பதும், வெயில் தாழ்ந்த பின் கோபுரங்களைக் காண்பதும் இங்குத் தங்குவோருக்கே எளிதில் வாய்க்கும். கருவறைப் பகுதிக்கு இந்துக்கள் அல்லாதோர் அனுமதிக்கப்படுவதில்லை. எனினும் வெளித்திருச்சுற்றுகளை அனைவரும் காணலாம். இறைச்சி உணவு கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் பொதுவாகக் கிடைப்பதில்லை. இவ்வீதிகள் வழிபாட்டோடு இணைந்த குடியிருப்புகள் என்பதால், தேர் வரும் நாட்களிலும் சுவாமி புறப்பாட்டின்போதும் குடியிருப்போரின் வழக்கங்களுக்கு இடமளிப்பது விருந்தினரின் கடமையாகக் கருதப்படுகிறது.

திருவானைக்காவல்

ஐம்பூதத் தலங்களுள் நீருக்குரிய தலமாகிய சம்புகேசுவரர் கோயில் இங்குள்ளது. நண்பகல் பூசையில் அருச்சகர் புடைவை உடுத்தி இறைவனுக்கு வழிபாடு நடத்துவது இக்கோயிலின் தனிச்சிறப்பாகும். திருவரங்கத்தை விடத் தங்குமிடங்கள் இங்குக் குறைவு. ஆனால் காவிரிப் பாலத்தையும் சமயபுரம் செல்லும் வழியையும் அணுகுவதற்கு எளிது. இரு கோயில்களையும் ஒரே காலையில் வழிபட விரும்புவோர் சிலர் இங்குத் தங்குகின்றனர்.

பிற பகுதிகள்

தில்லை நகர், குறுக்குத்தெருக்களாகத் திட்டமிட்டு அமைக்கப்பட்ட குடியிருப்புப் பகுதியாகும். மருத்துவமனைகளும் உணவகங்களும் மிகுந்த இப்பகுதியில், நோயாளிகளுடன் வருவோரும் வணிக அலுவலாக வருவோரும் தங்குகின்றனர்.

பேருந்து முனைய மாற்றம்

மதுரைச் சாலையில் பஞ்சப்பூரில் கட்டப்பட்ட ஒருங்கிணைந்த பேருந்து முனையம் 2025-ஆம் ஆண்டு மே 9 அன்று திறந்துவைக்கப்பட்டு, சூலை 16 முதல் செயற்படத் தொடங்கியது. மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து இயங்கிய வெளியூர்ப் பேருந்துகளில் பெரும்பாலானவை அங்கு மாற்றப்பட்டன. மத்தியப் பேருந்து நிலையம் நகரப் பேருந்துகளுக்குத் தொடர்ந்து பயன்படுகிறது.

விடுதியிலிருந்து பெட்டியுடன் நடந்துசென்று மதுரைக்கோ தஞ்சாவூருக்கோ பேருந்து ஏறலாம் என்பதே கண்டோன்மென்டின் முதன்மைச் சிறப்பாக இருந்தது. அச்சிறப்பு இம்மாற்றத்தால் பெரிதும் குறைந்தது. தொடர்வண்டிப் பயணிகளுக்கும் வானூர்திப் பயணிகளுக்கும் அப்பகுதி முன்போலவே பயன்படுகிறது. பேருந்தில் வருவோரோ எப்பகுதியில் தங்கினாலும் பஞ்சப்பூரிலிருந்து நகரப் பேருந்தில் வரவேண்டியுள்ளது. எனவே, வழிபாட்டுக்காக மட்டும் பேருந்தில் வருவோர் கண்டோன்மென்டில் தங்குவதற்கு இருந்த காரணம் இப்போது வலுவிழந்துள்ளது. பழைய பயணக் கையேடுகளில் மத்தியப் பேருந்து நிலையத்தை வெளியூர்ப் பேருந்து நிலையமாகக் குறித்திருப்பதைப் படிப்போர் இதனைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

காவிரிப் பாலம்

சிந்தாமணிக்கும் திருவரங்கம் மாம்பழச் சாலைக்கும் இடையே உள்ள காவிரிப் பாலம் 1976-இல் திறக்கப்பட்டது. தெற்கே தங்கி வடக்கே வழிபடுவோர் நாள்தோறும் இதனைக் கடக்கவேண்டும். 2022-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சீரமைப்புப் பணிக்காக இப்பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட மாதங்களில் பேருந்துகளும் மகிழுந்துகளும் சென்னைப் புறவழிச்சாலைப் பாலம் வழியாகச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. அவ்வாண்டின் வைகுண்ட ஏகாதசியும் இக்காலத்திலேயே வந்தது. ஆற்றின் எக்கரையில் தங்குவது என்பது வெறும் விருப்பம் சார்ந்ததன்று என்பதை இம்மாதங்கள் தெளிவாக உணர்த்தின. பழைய பாலத்துக்கு அருகே புதிய பாலம் ஒன்றைக் கட்டும் பணி பின்னர் தொடங்கப்பட்டது.

திருவிழாக் காலங்கள்

தங்குமிடத் தேர்வில் நாட்காட்டிக்குப் பெரும்பங்கு உண்டு.

மார்கழி: வைகுண்ட ஏகாதசிப் பெருவிழா பகற்பத்து, இராப்பத்து எனத் திருவரங்கத்தில் நடைபெறும். பரமபத வாசல் திறக்கப்படும் விடியலுக்கு முந்தைய இரவில் கோயில் வீதிகளில் வண்டிகள் செல்லக் கட்டுப்பாடு விதிக்கப்படும். அன்று ஆற்றுக்குத் தெற்கே தங்கியிருப்போர் முன்னிரவிலேயே புறப்பட வேண்டியிருக்கும். திருவரங்கத்தில் அறைகள் பல வாரங்களுக்கு முன்பே நிரம்பிவிடும்.

தை, சித்திரை: தைத்தேர் உத்தர வீதிகளிலும் சித்திரைத் தேர் சித்திரை வீதிகளிலும் ஓடும். அவ்வீதிகளில் தங்குவோர் தேரை வாசலிலிருந்தே காணலாம். ஆனால் அன்று வண்டி வாசல்வரை வராது. சித்திரையில் சமயபுரம் மாரியம்மன் கோயில் தேர்த்திருவிழாவும் நடைபெறுவதால் வடக்குச் சாலைகளில் நடைப்பயணிகள் நிறைந்திருப்பர்.

ஆடி: ஆடிப்பெருக்கு நாளில் அம்மா மண்டபத்திலும் பிற படித்துறைகளிலும் மக்கள் திரள்வர். காவிரியில் நீர்வரத்து மேட்டூர் அணையின் திறப்பைப் பொறுத்தது. வழக்கமான திறப்பு நாள் சூன் 12 ஆகும். வெள்ளக் காலத்தில் படித்துறைகளில் நீராடத் தடை விதிக்கப்படுவதும் உண்டு.

ஆவணி: விநாயகர் சதுர்த்தியன்று மலைக்கோட்டையில் பெரிய கொழுக்கட்டை படைக்கப்படும். அந்நாளில் மலையடிவாரத் தெருக்கள் நெரிசலாக இருக்கும்.

ஏப்ரல் முதல் சூன் வரை வெப்பம் கடுமையாக இருக்கும். பல கோயில்களில் நண்பகலில் நடை சாத்தப்படுவதால், அறைக்குத் திரும்பி இளைப்பாறி மாலையில் மீண்டும் புறப்படுவதே வழக்கம். தங்குமிடம் கோயிலுக்கு அருகில் இருப்பதன் பயன் இந்த நண்பகல் இடைவேளையிலேயே மிகுதியாகத் தெரியும்.

தங்குமிட நடைமுறைகள்

* அறை எடுக்கும் அனைவரும் அடையாளச் சான்று காட்டவேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிப்பது விடுதியின் கடமை. இதற்கான பதிவு இல்லாத சிறிய லாட்ஜுகளும் சத்திரங்களும் வெளிநாட்டவரை ஏற்பதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழர்க்கும் இது பொருந்தும் என்பதால் முன்னரே கேட்டறிவது நல்லது.
* லாட்ஜுகள் பலவற்றில் அறைக்கு வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் கணக்கிடப்படும். பெரிய விடுதிகளில் நண்பகலில் அறையைக் காலி செய்யும் முறை உள்ளது. அதிகாலை 4 மணிக்கு வந்து சேர்வோருக்கு முதல் முறையே ஆதாயமானது.
* பழைய லாட்ஜுகள் சிலவற்றில் மின்தூக்கி இருப்பதில்லை. முதியோருடன் வருவோர் தரைத்தள அறை கேட்பர்.
* நகரில் சந்திப்பு, கோட்டை, நகரம், திருவரங்கம் எனத் தொடர்வண்டி நிலையங்கள் பல உள்ளதால், பயணச்சீட்டில் உள்ள நிலையத்தின் பெயரைச் சரிபார்க்கவேண்டும்.

பயண நோக்கமும் பொருத்தமான பகுதியும்

* அரங்கநாதர் வழிபாடு, விடியற்காலைத் தரிசனம், திருவிழா: திருவரங்கம்.
* நகரக் கோயில்கள், மலைக்கோட்டை, கடைவீதி, கல்லணை ஆகியவற்றை இரண்டு மூன்று நாட்களில் காணுதல்: சத்திரம், மலைக்கோட்டைப் பகுதி.
* தஞ்சாவூர், புதுக்கோட்டை, சித்தன்னவாசல் ஆகிய இடங்களுக்குத் தொடர்வண்டியிலோ வாடகை மகிழுந்திலோ சென்று திரும்புதல். வானூர்திப் பயணம்: கண்டோன்மென்ட்.
* மருத்துவம், வணிகம்: தில்லை நகர், கண்டோன்மென்ட்.

ஓர் இரவு மட்டும் தங்குவோர் பொதுவாக வந்திறங்கும் நிலையத்தைக் கொண்டு இடத்தை முடிவு செய்கின்றனர். இரண்டு இரவுகளுக்கு மேல் தங்குவோருள் சிலர் முதல் இரவைத் திருவரங்கத்திலும் புறப்படுவதற்கு முந்தைய இரவைக் கண்டோன்மென்டிலும் கழிக்கின்றனர். இதனால் பாலத்தைப் பெட்டிகளுடன் ஒருமுறை மட்டுமே கடக்க நேர்கிறது.

இவற்றையும் பார்க்க

* திருச்சிராப்பள்ளி
* திருவரங்கம் அரங்கநாதசுவாமி கோயில்
* திருச்சி மலைக்கோட்டை
* திருவானைக்காவல் சம்புகேசுவரர் கோயில்
* கல்லணை
* முக்கொம்பு